இருபத்துமூன்று பச்சைப் பொட்டு

யாரோ நிறத்தைக் களவெடுக்கிறார்கள்.

நவரத்தினம் இந்த முடிவுக்கு வந்தது 1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் பத்தொன்பதாம் திகதி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. களவு நடந்த இடம், டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் அக்செல் புறூன் வீட்டுப் பின்வளவில் நிற்கும் கண்ணாடி வீடு. களவுபோன பொருள், இருபத்துமூன்று திராட்சைக் குலைகளின் கறுப்பு.

இரண்டு கிழமைக்கு முன் ஒரேயொரு பழத்தின் தோளில் மெல்லிய சிவப்பு ஒன்று விழுந்திருந்தது. அதை அவன் தன் இரண்டு கண்ணாலும் கண்டவன். அந்தச் சிவப்பு இன்றைக்கும் அதே இடத்தில், அதே அளவில், பஸ் வராத தரிப்பில் நிற்கிற ஆளைப்போல நின்றது. மற்றதெல்லாம் பச்சை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். இன்னும் துலக்கமான பச்சை.

மிச்சம் இருப்பது சரியாக நாலு கிழமை. செப்ரெம்பர் பதினாறு, பின்னேரம் நாலு மணிக்கு, இடுப்பில் புது எலும்பு வைத்துக்கொண்டு அக்செல் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குத் திரும்புகிறார். அதே நாள் பகல் ஒன்றரைக்குச் சுசீலாதேவி பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்குகிறாள். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட இரண்டரை மணித்தியாலத்தில்தான் நவரத்தினத்தின் குடும்ப வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

சுசீலாதேவி அவனுடைய மனைவி. கலியாணம் முடிந்து நாற்பத்தோராம் நாள் அவன் விமானம் ஏறியவன். அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பம் கோபனேகனில் ஒரு மேசை லாச்சிக்குள் போய்ப் படுத்தது, படுத்ததுதான். தமிழாக்கள் போட்ட விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் அதே லாச்சிதான் படுக்கை. கேட்டால் "பரிசீலனையில் உள்ளது" என்று கடிதம் வரும். இந்த வருஷம் பத்திரிகைக்காரர்கள் அந்த லாச்சியைப் பற்றி எழுதப்போக, லாச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. ஆடி மாதம் அனுமதி வந்தது. மனைவி வரலாம் என்றுதான் அதில் எழுதியிருக்கிறது என்பதை, கூட இருக்கிற மன்னார் யோசேப் அகராதி வைத்து மூன்று தரம் வாசித்து உறுதிசெய்தான்.

வரலாம். எங்கே வருவது? நாலு ஆம்பிளைகள், இரண்டு அறை, ஒரு குசினி. கொம்யூனில், அதாவது நகரசபையில், கேட்டபோது, வீடு கிடைக்க அடுத்த வசந்த காலமாகும் என்று ஒரு பெண்பிள்ளை மிகுந்த மரியாதையோடு சொன்னாள்.

அப்போதுதான் அக்செலின் மேல்மாடி அகப்பட்டது. இரண்டு அறை, தனிக் குசினி, தனிப் படி. ஆனால் அக்செலுக்கு வாடகையில் கண் இல்லை. அவருக்கு வேண்டியது திராட்சைக்கு ஒரு காவல். முந்தி மேல்மாடியில் இருந்தவன் கொடியைக் கவனியாமல் விட்டதில், மூன்று வருஷமாக அவர் வடிக்கிற ஆறு போத்தல் வைன் தேத்தண்ணி நிறத்தில்தான் வந்தது. போன வருஷம் தோட்டச் சங்கக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு ஃப்ரூ குட்ரூன் அதை வாயில் வைத்துவிட்டு, "நல்ல அப்பிள் சாறு" என்று பாராட்டினா. அந்தப் பாராட்டு அக்செலின் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

"உனக்குத் திராட்சை தெரியுமா?" என்று அவர் கேட்டார்.

"என் மனைவி வீட்டில் அறுபது கொடி," என்றான் நவரத்தினம்.

அது சத்தியமான வார்த்தை. ஊரெழுவில் சுசீலாதேவியின் தகப்பனுக்கு அறுபது கொடி முந்திரிகைத் தோட்டம் இருந்தது. திராட்சைக்கு யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றுதான் பெயர். தான் பருத்தித்துறை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்ததையும், பெண்பார்க்கப் போன அன்று மூன்று குலை சாப்பிட்டதைத் தவிர அந்தத் தோட்டத்தில் வேறொரு வேலையும் செய்யாததையும் அக்செல் கேட்கவில்லை. கேட்காததை அவன் சொல்லவில்லை.

அக்செல் மேல்மாடிக் கதவுத் திறப்பை, ஒரு பித்தளைச் சாவியை, எடுத்துக் காட்டினார். பிறகு தன் பொக்கற்றுக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

"நான் வரும்போது பழம் ஹெல்ட் ப்ளோ ஆக இருந்தால் திறப்பு உனக்கு."

ப்ளோ என்றால் நீலம். எங்களுக்குக் கறுப்பாகத் தெரிகிற திராட்சை டெனிஷ்காரருக்கு நீலமாகத் தெரியும். ஹெல்ட் என்றால் முழுக்க. முப்பது வருஷம் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்த மனிசன். அரை நிமிஷம் பிந்தினாலும் பிந்தல் என்று எழுதினவர். முழுக்க என்றால் முழுக்கத்தான்.

அன்றைக்கே நவரத்தினம் கொழும்பில் காத்திருந்த சுசீலாதேவிக்குக் கடிதம் எழுதினான். "மேல்மாடி வீடு எடுத்துவிட்டேன். கீழே முந்திரிகைத் தோட்டம். எல்லாம் என் பொறுப்பில்." தோட்டம் என்பது ஒரு கொடி என்பதை எழுத நீல விமானக் கடிதத்தில் இடம் போதவில்லை.

வினை தொடங்கியது ஓகஸ்ட் ஐந்தாம் திகதி. முதல் சிவப்பு விழுந்த அன்றே, ஃப்ரூ குட்ரூன் வேலியால் எட்டிப் பார்த்தா. எழுபது வயது, ஆறடி உயரம்; வேலி அவவுக்கு நெஞ்சளவு. கண்ணாடிக்கூடாகக் குலைகளைக் கண்டதும் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்தா.

"நை, வோர் எர் தெ ஃப்ளொட்ட."

அடி ஆத்தை, என்ன வடிவு என்று அர்த்தம். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று இருபத்துமூன்று குலையையும் எண்ணி முடித்து, இன்னொரு தரம் "ஃப்ளொட்" என்றா.

ஒரு பிள்ளையைப் பார்த்து நல்ல கொழுத்த பிள்ளை என்று சொன்னாலே அன்றைக்குக் காய்ச்சல் வரும். காய்க்கிற முருங்கையைப் பார்த்து எண்ணினால் அடுத்த கிழமை மயிர்க்கொட்டிப் புழு பிடிக்கும். இது சாதாரண நாவூறில்லை. ஆறடி உயரத்தில் இருந்து இறங்கின நாவூறு.

அன்று பின்னேரமே நவரத்தினம் நடவடிக்கை எடுத்தான். அகதி முகாமில் தந்த சாம்பல் நிறக் கம்பளிகள் நாலையும் கொண்டுவந்து, ஃப்ரூ குட்ரூனின் வேலியைப் பார்த்த கண்ணாடிப் பக்கம் முழுவதையும் மூடிக் கட்டினான். கூரையிலும் ஒரு பாதி. அது தெற்குப் பக்கம் என்பது அவனுக்குத் தோன்றவேயில்லை. நாவூறுக்கு ஏது தெற்கு, வடக்கு?

மூடிய அடுத்த நாளில் இருந்து மனிசி கத்தத் தொடங்கினா. வேலியால் எட்டி, கம்பளியைக் காட்டி, தலைக்கு மேலே கையை உயர்த்தி, ஒரே ஒரு சொல்.

"லூஸ்."

முதல்நாள் அவன் கேட்காத மாதிரிப் போனான். இரண்டாம் நாள் "லூஸ், லூஸ்" என்று இரண்டு தரம். மூன்றாம் நாள் ஜாடையும் சேர்ந்தது. விரலைத் தலைக்கு நேரே மேலே சுழற்றிக் காட்டினா.

"என்னை லூசன் எண்டு சொல்லுறாள் யோசேப்பு," என்றான் நவரத்தினம், குசினியில் சோறு போட்டபடி. "நானும் வயசுபோன மனிசி எண்டு பாத்துக்கொண்டு போறன். தலையைக் காட்டி வேற சொல்லுறாள்."

"டெனிஷ்காரிக்கு எப்பிடியண்ணை எங்கட லூஸ் தெரியும்?"

"அது இங்கிலீஷ்தானே. உலகம் முழுக்கத் தெரியும்."

யோசேப் முட்டைப் பொரியலைப் பிய்த்தபடி யோசித்தான். மூன்று வருஷ டென்மார்க்கில் நவரத்தினம் படித்தது நாற்பது சொல். அவ்வளவும் அவன் வேலைசெய்கிற யன்னல் தொழிற்சாலைச் சொற்கள்: கண்ணாடி, சட்டம், ஆணி, பழுது, தேத்தண்ணி நேரம். யோசேப் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன் என்பதால் அவனிடம் அறுபது இருந்தது.

"பொறுங்கோ," என்றான். "லூஸ் எண்டால் மெழுகுதிரி."

"என்ன?"

"மெழுகுதிரி அண்ணை. கோயில்ல பெட்டியில எழுதியிருக்கு. லூஸ், ஒண்டு ரெண்டு குரோணர். மனிசி உங்களைப் பேசேல்ல. மெழுகுதிரி கொளுத்தச் சொல்லுறா."

நவரத்தினத்தின் கையில் சோற்றுக் கரண்டி அந்தரத்தில் நின்றது. எல்லாம் பொருந்தியது. தலைக்கு மேலே கை என்றால் கடவுள். மனிசிக்குத் தன் நாவைப் பற்றித் தெரிந்திருக்கிறது. தானே பரிகாரமும் சொல்கிறா.

"நல்ல மனிசியடா," என்றான். "நான் தான் பிழையா விளங்கிப்போட்டன்."

"அதோட இன்னொண்டு அண்ணை. நீங்கள் கட்டின கம்பளியில ஒண்டு என்ர. எனக்குக் குளிருது."

"ஒரு மாசம் பொறு. சுசீலா வந்தால் நான் என்ர கட்டிலையே உனக்குத் தாறன்."

ஓகஸ்ட் இருபத்தாறு, சனிக்கிழமை, பின்னேரம் ஆறு மணி. கண்ணாடி வீட்டுக்குள் இரண்டு பேர். யோசேப்பின் பொறுப்பில் பன்னிரண்டு மெழுகுதிரி. தன் பக்கத்துச் சம்பிரதாயத்தையும் விட மனமில்லாமல் நவரத்தினம் ஒரு பழைய சட்டியில் கரி மூட்டி, கைநிறையச் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கொடியை மூன்று தரம் சுற்றினான்.

"வந்த கண், போன கண், குட்ரூன் கண்," என்று சொல்லி நெருப்பில் போட்டான்.

நாவூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது கணக்கு. வந்தது. கதவு சாத்திய கண்ணாடி வீட்டுக்குள், நாலு கம்பளிக்கு நடுவில், கைநிறையச் செத்தல் மிளகாயின் நெடி வந்தால் எப்படியோ அப்படியே வந்தது. யோசேப் மாதாவைக் கூப்பிடத் தொடங்கி, பாதியில் தும்மினான். நவரத்தினம் கதவைத் தேடினான், கண் தெரியவில்லை. கையில் அகப்பட்டது ஒரு தண்ணீர்ப் பூவாளி, பிறகு யோசேப்பின் காது.

கூரை யன்னலால் புகை கிளம்பியதைக் கண்ட ஃப்ரூ குட்ரூன், எழுபது வயதில் வேலியைத் தாண்டி வந்தா. கதவு திறந்தது. தோட்டக் குழாயின் தண்ணீர் முதலில் மெழுகுதிரிகளை அணைத்தது. பிறகு சட்டியை. பிறகு நவரத்தினத்தை. பிறகு, ஒரு குறையும் வைக்காமல், யோசேப்பை.

மூன்று பேரும் புல்லில் இருந்து இருமினார்கள். மனிசி ஒரு கையில் குழாயும், மறு கையில் அணைந்த மெழுகுதிரியும் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தா. பிறகு இருமலுக்கு நடுவே, அழப்போகிறவபோலச் சொன்னா: "லூஸ்."

"கொளுத்தினதுதானே," என்றான் யோசேப், தமிழில்.

அடுத்தநாள் ஞாயிறு, மத்தியானம் பன்னிரண்டு மணி. தபால் கந்தோருக்கு முன்னால் உள்ள ரெலிபோன் கூட்டுக்குள் நவரத்தினம். சுசீலாதேவி தங்கியிருந்த கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் மனேச்சர் ரெலிபோனை எடுத்து, ஆற அமர அவளைக் கூப்பிட்டார். அவள் படியிறங்கி வருகிற செருப்புச் சத்தத்துக்கே மூன்று நாணயம் விழுங்கியது பெட்டி.

"இஞ்சாருங்கோ, சுகமோ? குரல் என்ன ஒரு மாதிரி?"

"கொஞ்சம் மிளகாய்ப் புகை. ஒண்டுமில்லை. சுசீலா, ஒரு விஷயம் கேக்கவேணும். உங்கட கொய்யாவின்ர…"

"கொய்யா இல்லை, மரியாதையா ஐயா எண்டு சொல்லுங்கோ."

"ஓம், ஐயாவின்ர தோட்டத்தில முந்திரிகை கறுக்காமல் நிண்டால் என்ன செய்வியள்?"

"உங்கட பொறுப்பில இருக்கிற தோட்டத்திலயோ?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"குலைக்கு முன்னால என்ன நிக்குது?"

"இலை."

"இலைக்கு அங்கால?"

"கண்ணாடி."

"கண்ணாடிக்கு அங்கால?"

"கம்பளி."

"என்ன பிள்ளி? வடிவாக் கேக்கேல்ல."

"கம்பளி. போர்வை. நாலு."

பெட்டி இன்னும் இரண்டு நாணயத்தை விழுங்கியது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்துபோனான். மூன்று வருஷத்தில் மறந்துபோயிருந்த சத்தம் அது, சுசீலாதேவி சிரித்தாள்.

"குளிருமெண்டோ போத்தினனீங்கள்?"

"நாவூறு."

"என்ர கடவுளே. இஞ்ச கேளுங்கோ. கறுத்த முந்திரிகையை உரிச்சுப் பாத்திருக்கிறியளோ? உள்ளுக்குச் சாறு வெள்ளை. கறுப்பு முழுக்கத் தோல்லதான். தோலுக்கு அந்தக் கறுப்பைக் குடுக்கிறது வெளிச்சம். எங்கட பந்தல்ல எரிக்கிற வெயிலிலயே, இலைக்குள்ள ஒளிச்ச குலை கடைசிமட்டும் செம்மண் நிறத்திலதான் நிக்கும். நீங்கள் சூரியனே இல்லாத ஊரில, அதையும் போத்து மூடிப்போட்டு, கறுக்கேல்ல எண்டு கேக்கிறியள். பருத்தித்துறை பஸ்ஸில தொங்கின முகம் எப்பிடிக் கறுத்ததெண்டு மறந்துபோச்சோ?"

"இப்ப என்ன செய்ய?"

"போர்வையைக் கழட்டுங்கோ. குலைக்கு நேர முன்னால நிக்கிற இலையை மட்டும் கிள்ளுங்கோ. மொட்டை அடிக்கக் கூடாது. இலை சமைச்சால்தான் பழம் இனிக்கும். வெளிச்சம் பட்டால்தான் தோல் கறுக்கும். ரெண்டும் வேணும். விளங்கிச்சோ?"

"ஓம்."

"சரி. வீட்டுத் திறப்பு உங்கட கையில இருக்குத்தானே?"

பெட்டி கடைசி நாணயத்தை விழுங்கியது. நவரத்தினத்தின் பொக்கற்றில் இன்னும் இரண்டு இருந்தன. அவன் அவற்றைப் போடவில்லை.

கம்பளிகள் அன்றைக்கே இறங்கின. வெளிச்சம் கண்ணாடி வீட்டுக்குள் கொட்டியபோது, வேலிக்கு அங்கால் ஃப்ரூ குட்ரூன் கைதட்டினா. வானத்தில் தெரிந்த சூரியனை இரண்டு கையாலும் காட்டினா.

"லூஸ்."

நவரத்தினம் யோசேப்பைப் பார்த்தான். யோசேப் சூரியனைப் பார்த்தான்.

"மெழுகுதிரிக்கும் அதுதான் சொல் அண்ணை," என்றான் மெதுவாக. "வெளிச்சத்துக்கும் அதுதான் போல."

பிறகு இருபது நாள். வெளிச்சத்துக்கும் திகதிக்கும் நடந்த ஓட்டப்போட்டி அது. நவரத்தினம் வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்தபின் ஒரு தரம் குலைகளுக்கு முன்னால் நின்றான். முதல் மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள், கிழக்கு மூலைக் குலையில் ஐந்தாறு பழம் வெட்கப்பட்டது. ஏழாம் நாள் மாதுளம்பூ நிறம். மூன்று நாள் மழை பெய்தது. நிறம் அப்படியே நின்றது, அவனுடைய மூச்சும் நின்றது. வெயில் வந்தது, சிவப்பு ஊதாவாக இறங்கியது. இலை மறைத்திருந்த ஒரு குலையில் இலையின் நிழல் அளவுக்குப் பச்சை நிற்பதைக் கண்டு, அந்த இலையைத் தேடிக் கிள்ளினான். அடுத்த நாலு நாளில் அந்த நிழலும் கறுத்து மறைந்தது. கண்ணுக்கு முன்னால் படம் கழுவி எடுப்பது மாதிரி இருந்தது.

ஆனால் கம்பளி போனால் நாவூறு விட்டுவிடுமா? மனிசி நல்லவதான். நாவு அவவின் கட்டுப்பாட்டில் இல்லையே. நாளுக்கு மூன்று தரம் "ஃப்ளொட்" விழுந்தது. வெளிச்சமும் வேண்டும், காவலும் வேண்டும். பிள்ளைக்குக் காவல் என்ன? கன்னத்தில் ஒரு கறுத்தப் பொட்டு.

தொழிற்சாலையில், பழுதான கண்ணாடிக்கு ஒட்டுகிற வட்டக் கறுத்தப் பொட்டு இருந்தது. நகத்தளவு, ஒட்டினால் விடாது. கம்பளி இறங்கிய மூன்றாம் நாளே போர்மனிடம் கேட்டு இருபத்துநாலு வாங்கினான். குலைக்கு ஒன்று, முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கிற பழத்தில். ஒன்று மிஞ்சியது. அதைப் பணப்பைக்குள் வைத்தான்.

செப்ரெம்பர் பதினாறு. இருபத்துமூன்று குலையும் அமாவாசைக் கறுப்பு.

யோசேப்பின் லாடா கார் பில்லுண்டுக்குப் போய்த் திரும்பியது. பின்சீற்றில் சுசீலாதேவி, மஞ்சள் சேலைக்கு மேலே இரவல் கம்பளிச் சட்டை, மடியில் ஒரு பை. மூன்று வருஷத்தைப் பேசித் தீர்க்க இருபது நிமிஷப் பாதை போதாது. யோசேப்தான் வழியில் தெரிந்த பன்றிப் பண்ணைகளை எல்லாம் எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தான்.

வளவுக்குள் இறங்கியதும் அவள் நேரே கண்ணாடி வீட்டுக்குள் போனாள். சுற்றிப் பார்த்தாள்.

"தோட்டம் எங்கை?"

"இதுதான்."

"ஒரு கொடி."

"ஓம்."

"மனேச்சர் வேலை கஷ்டம்தான்," என்றாள். பிறகு மேலே பார்த்து, "திறப்பு எங்கை?"

நவரத்தினம் வாயைத் திறக்கவும் வாசலில் ராக்சி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மணி நாலு.

அக்செல் இரண்டு ஊன்றுகோலில் வந்தார். ஒருவருக்கும் வணக்கம் சொல்லவில்லை. கண் குலைகளில் இருந்தது. ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பதினைந்தாவது குலையில் அவருடைய மீசை ஆடியது, சந்தோஷம். பதினாறாவதில் நின்றார்.

"இது என்ன?"

நகத்தால் பொட்டைக் கிளப்பினார். பொட்டு இருந்த இடத்தில், கறுத்தப் பழத்தின் நடுவில், அச்சாக வெட்டி வைத்ததுபோல ஒரு வட்டப் பச்சை. பிள்ளைக்குக் கறுத்தப் பொட்டு வைத்தால் துடைக்கலாம். பழத்துக்கு வைத்தால் பச்சைப் பொட்டாகத் தங்கிவிடும். வெளிச்சம் படாத இடம் எவ்வளவு என்று அளந்து காட்டுகிறது தோல்.

அக்செல் எல்லாப் பொட்டையும் கிளப்பினார். இருபத்துமூன்று பச்சைக் கண் அவரைப் பார்த்தன.

"ஹெல்ட்," என்றார் அவர். "நான் ஹெல்ட் என்று சொன்னேன்."

நவரத்தினத்தின் நாற்பது சொல்லில் நாவூறுக்குச் சொல் இல்லை. "ஃப்ரூ குட்ரூன் ஃப்ளொட் சொல்லும். பிறகு பழுது," என்றான். அக்செல் வேலிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதை அவர் நம்பினமாதிரித்தான் இருந்தது. ஆனாலும் திறப்பு பொக்கற்றை விட்டு வெளியே வரவில்லை.

"இந்தாள் என்னவாம்?" என்று கேட்டாள் சுசீலாதேவி.

மறைக்க இனி இடமில்லை. "மேல்மாடித் திறப்பு இவற்ர பொக்கற்றுக்குள்ள இருக்கு. பழம் முழுக்கக் கறுத்திருந்தால்தான் தருவாராம். பொட்டு வைச்ச பழத்தால முழுக்க இல்லையாம்."

"அப்ப எங்களுக்கு வீடு இன்னும் இல்லை."

"இல்லை."

அவள் அவனைப் பார்த்தாள். லொட்ஜ் மனேச்சருக்கு முன்னால் இரண்டு வருஷம் படியிறங்கி வந்தவளின் பார்வை அது. பிறகு பையை யோசேப்பிடம் கொடுத்தாள். கம்பளிச் சட்டையின் கையை மடித்தாள். கிழக்கு மூலைக் குலைக்கு முன்னால் போய், பச்சைப் பொட்டு இருந்த பழத்தைக் கிள்ளி, வாயில் போட்டாள்.

அக்செல் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தார்.

அடுத்த குலை. அடுத்த பழம். கிள்ளல், மெல்லல். ஐந்தாவதில் கண்ணைச் சுருக்கினாள். "புளிக்குது," என்றாள், யாருக்கென்றில்லாமல். "இன்னும் பத்து நாள் விட்டிருக்கவேணும்." பன்னிரண்டாவதில் யோசேப் எண்ணத் தொடங்கினான். பத்தொன்பதாவதில் அவள் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள். விமானத்தில் காலையில் தந்த பாணுக்குப் பிறகு அவள் வயிற்றில் போனது இதுதான். இருபத்துமூன்றாவது பழத்தையும் விழுங்கி, விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அக்செலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, குலைகள் பக்கம் கையைக் காட்டினாள்.

தமிழோ டெனிஷோ தேவைப்படவில்லை.

அக்செல் மறுபடி முதலில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு குலையாக, மேலும் கீழும், பின்பக்கமும். எங்கேயும் ஒரு பச்சை இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் குறித்துக்கொள்பவரைப்போல.

"ஹெல்ட் ப்ளோ," என்றார்.

திறப்பு வெளியே வந்தது. நவரத்தினம் கையை நீட்டினான். அக்செல் அவனைச் சுற்றிக்கொண்டு, இரண்டு ஊன்றுகோலோடும் நாலு அடி நடந்துபோய், அதைச் சுசீலாதேவியின் உள்ளங்கையில் வைத்தார்.

அப்போது வேலிக்கு மேலே ஒரு முகம் எழும்பியது. ஃப்ரூ குட்ரூன் மஞ்சள் சேலையைக் கண்டா. இரண்டு கையும் கன்னத்துக்குப் போயின.

"நை, வோர் எர் ஹுன் ஃப்ளொட்."

"அவ என்ன சொல்லுறா?" என்றாள் சுசீலாதேவி.

நவரத்தினம் அவசரமாகப் பணப்பையைத் திறந்து, இருபத்துநாலாவது பொட்டை எடுத்து, அவளுடைய கன்னத்தில் காதோரமாக ஒட்டி, பெருவிரலால் அழுத்தினான்.

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன லூசே?"

அந்த ஒரு சொல் வேலிக்கு அங்கால் தெளிவாகக் கேட்டது. ஃப்ரூ குட்ரூனின் முகம் மலர்ந்தது. கடைசியில் விஷயம் தெரிந்த ஒரு ஆள் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறா.

"யா, யா," என்று தலையாட்டி, வானத்தைக் காட்டினா. "லூஸ்."